கதவை மேசையாக்கினோம்: பேஸ்மென்றும் றீஸ்ரோர் கடையும்

25 டொலருக்கு ஒரு கதவை வாங்கி வானில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இறக்க உதவிக்கு வந்த மகள் கேட்டாள்: "அம்மா, எங்கட வீட்டில எந்தக் கதவு உடைஞ்சது?"

ஒன்றும் உடையவில்லை. அது அவளுக்குப் படிக்கிற மேசை.

ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இந்த வீட்டை வாங்கி ஆறு வருடம். ஆறு வருடமும் பேஸ்மென்ற் என்ற நிலக்கீழ் அறை பிரிக்காத பெட்டிகளுக்கும், ஒருவரும் ஓடாத ஓட்ட மெசினுக்கும், என் கணவர் "ஒருநாள் தேவைப்படும்" என்று எறியாமல் வைத்திருக்கும் வயர்களுக்கும் உரிய இடமாக இருந்தது. இந்த மாசியில்தான் அதை ஒழித்து, இருந்து கதைக்கவும் படிக்கவும் ஒரு அறையாக்குவோம் என்று தொடங்கினோம். 11 அடிக்கு 19 அடி. 800 டொலர்தான், அதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்று இவர் சொல்லிவிட்டார். முடிந்தபோது கணக்கு 804. அந்த நாலு டொலரை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

சாமான்களில் பாதிக்குமேல் றீஸ்ரோரில் வாங்கியது. அந்தக் கடையைத் தெரியாதவர்கள் எங்கள் ஆட்களில் இன்னும் கனபேர் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் ஹபிற்றாற் ஃபோர் ஹியூமானிற்றி என்ற அமைப்பு நடத்தும் கடை அது. வீடு திருத்துகிறவர்கள் கழற்றும் குசினி அலுமாரி, கதவு, யன்னல், கைகழுவும் தொட்டி, கட்டட வேலைக்காரரிடம் மிஞ்சும் ரைல், பெட்டி உடைக்காத தரைப்பலகை எல்லாவற்றையும் நன்கொடையாக வாங்கி விற்கிறார்கள். வரும் காசு வீடு கட்டும் வேலைக்குப் போகிறது. முதல் கடை 1991இல் வினிப்பெக்கில் திறந்தது. பிறகுதான் அமெரிக்கா வரைக்கும் பரவியது. ரொறன்ரோவைச் சுற்றிப் பல கிளைகள் உண்டு. எங்களுக்குக் கிட்ட உள்ளது காரில் இருபத்தைந்து நிமிடம்.

கடைக்குப் போவதற்கு முதல் வீட்டில் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் பேஸ்மென்றுக்கு ஒரு கதிரைகூட வாங்காதீர்கள்.

பழைய கார்ப்பெட்டைச் சுருட்டியபோது கீழே கொங்கிறீற்றில் ஒரு மூலை வெள்ளையாக இருந்தது. தொட்டால் மாவு மாதிரி விரலில் ஒட்டியது. ஊரில் கிணற்றடிச் சுவரில் உப்புப் பூக்குமே, அதேதான். நிலத்துத் தண்ணீர் கொங்கிறீற்றுக்குள்ளால் மேலே வந்து காய்ந்துபோகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. எவ்வளவு ஈரம் வருகிறது என்று பார்க்க, தெளிவான பிளாஸ்ரிக் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் ரேப் ஒட்டி, மூன்று இடத்தில் நிலத்தில் ஒட்டிவிட்டேன். அடுத்தநாள் காலை இரண்டு தாள் சுத்தமாக இருந்தன. மேற்கு மூலையில் ஒட்டியதன் உள்பக்கம் முழுக்க சின்னச் சின்ன முத்துகளாக வியர்வை.

வெளியே போய்ப் பார்த்தால் காரணம் அப்படியே நிற்கிறது. கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் நேரே அந்த மூலையின் அத்திவாரத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது. ஆறு வருடமாக. 12 டொலருக்கு ஒரு நீட்டுக்குழாய் வாங்கிப் பூட்டி, தண்ணீரைச் சுவரிலிருந்து ஆறடி தள்ளிப் புல்லில் விட்டோம். மூன்று கிழமை கழித்து, நல்ல மழை இரண்டு பெய்தபிறகு, திரும்பப் பிளாஸ்ரிக் ஒட்டிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இந்த முழு வேலையிலும் நான் செலவழித்த காசில் மிகவும் பெறுமதியானது அந்த 12 டொலர்தான். உங்களுக்குத் தாள் காயாவிட்டால், குழாய் நீட்டியும் சரிவராவிட்டால், தளபாடத்துக்கு வைத்த காசை அத்திவாரம் பார்க்கும் ஆளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துக்குமேல் எதை விரித்தாலும் கீழே பூஞ்சணம் பிடிக்கும்.

காற்றிலுள்ள ஈரம் வேறு விசயம். ஈரம் அளக்கும் 15 டொலர் மீற்றர் ஒன்று வாங்கி வைத்தேன், 68 வீதம் காட்டியது. 50க்குக் கீழே வைத்திருப்பது நல்லது, 60 தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் மெசின், டீஹியூமிடிபையர், கட்டாயம் வேண்டும். இதில்தான் நான் கெட்டித்தனம் காட்டப் போய் முட்டாளானேன். இணையத்தில் ஒருவர் 60 டொலருக்குப் பழையது விற்றார். அவர் வீட்டில் செருகிக் காட்டினார். காத்தாடி சுற்றியது, லைற் எரிந்தது, காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஓடியது. வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காத்தாடி சுற்றுவதும் ஈரம் இழுப்பதும் ஒன்றில்லை என்று பிறகுதான் விளங்கியது. உள்ளே கொம்பிரசர் செத்திருக்கிறது. பழைய டீஹியூமிடிபையர் வாங்குவதென்றால் அரை மணித்தியாலம் ஓடவிட்டு, உள்ளேயிருக்கும் சுருள் குளிர்ந்து நனைகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் 220 டொலருக்கு உத்தரவாதத்தோடு புதிதாக வாங்கினேன். எங்கள் செலவில் ஆகப் பெரியது அதுதான். மிச்சச் சாமானெல்லாம் பழையதாக இருக்கலாம், இது புதிதாக இருக்கட்டும்.

சரி, கடைக்கு வருவோம்.

றீஸ்ரோருக்குப் பட்டியலோடு போகாதீர்கள், அளவுநாடாவோடு போங்கள். இன்று என்ன இருக்கும் என்று அங்கே வேலை செய்பவருக்கே தெரியாது. நேற்று ஆரோ ஒருவர் குசினியை உடைத்திருந்தால் இன்று அலுமாரி வரிசையாக நிற்கும், நாளைக்கு இராது. நான் நாலு தரம் போனேன். முதல் தரம் வெறுங்கையோடு வந்தேன். இரண்டாம் தரம் வானில் இடம் காணவில்லை. சனிக்கிழமை சனம் கூட, எனக்கு வேலை இல்லாத செவ்வாய் காலையில் ஆறுதலாகப் பார்க்க முடிந்தது.

கதவு வரிசைதான் எனக்குப் பிடித்த இடம். முப்பது நாற்பது கதவு நிமிர்த்தி அடுக்கி, ஒவ்வொன்றிலும் விலைத்தாள். அறைக்கதவு இரண்டு வகை. ஒன்று உள்ளே வெறும் கடதாசித் தேன்கூடு வைத்த கோதுக்கதவு, மற்றது உள்ளே முழுக்கப் பலகை நிறைந்த கதவு. விரல்மொழியால் நடுவில் தட்டிப் பாருங்கள். கோது என்றால் வெற்றுப் பெட்டி மாதிரி டொக் டொக் என்று கேட்கும், நிறைந்தது என்றால் சத்தம் உள்ளுக்கேயே செத்துப்போகும். தூக்கிப் பார்த்தாலும் தெரியும், நிறைந்ததை நான் தனியாகத் தூக்க முடியவில்லை. மேசைக்கு அதுதான் வேண்டும். கோதுக்கதவில் முழங்கையை ஊன்றினால் நாளடைவில் குழி விழும், கால் பூட்ட ஸ்குரூவும் பிடிக்காது.

என்னுடையது 80 அங்குலம் நீளம், 30 அங்குலம் அகலம். இந்த நீளத்துக்குப் புது மேசை வாங்கினால் நூற்றுக்கணக்கில் போகும். இரண்டு பக்கமும் இரட்டை இழுப்பறை இரும்புப் பெட்டி, அதுவும் அங்கேதான், ஒன்று 20 டொலர். மேலே கதவைக் கிடத்தி, கீழிருந்து கோணத் தகடு வைத்து ஸ்குரூ அடித்தோம். பிணைச்சல் இருந்த பள்ளங்களுக்கு மரப்புட்டி நிரப்பி, தேய்த்து, பெயின்ற் அடித்தேன். கைபிடி இருந்த வட்ட ஓட்டையையும் நிரப்பப் போனபோது மகள் மறித்தாள். இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடின ஓட்டை. கணினி வயரும் விளக்கு வயரும் அதற்குள்ளால் கீழே இறங்குகின்றன. அலுவலக மேசைகளில் இதற்கென்றே ஓட்டை போட்டு விற்கிறார்கள், எங்களுக்குக் கதவோடு வந்தது.

தரைக்கு முதலில் நினைத்தது டிறைக்கோர் போன்ற பலகை. இரண்டடிச் சதுரமாக வரும், அடியில் குமிழ் குமிழான பிளாஸ்ரிக், அதனால் கொங்கிறீற்றுக்கும் பலகைக்கும் இடையில் காற்றோடும். பேஸ்மென்றுக்கு அருமையான சாமான், கால் குளிராது. ஆனால் எங்கள் அறைக்கு ஐம்பதுக்குமேல் தேவை. அதற்கே 800 டொலர் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். மனமில்லாமல் விட்டேன். இரண்டாவது தரம் போனபோது ஒன்றுக்குள் ஒன்று கொழுவும் வைனில் பலகை, பெட்டி 18 டொலர், ஒரே நிறத்தில் ஏழு பெட்டி. ஆரோ ஒரு கட்டட வேலைக்காரருக்கு மிஞ்சியது. பெட்டிக்கு 24 சதுர அடி, எங்களுக்கு ஒன்பது பெட்டி வேண்டும். மிச்சம் இரண்டு பெட்டி கொஞ்சம் சாம்பல் கூடின நிறத்தில் எடுத்தேன். இப்படியான கடையில் மிஞ்சிய சாமான் வாங்கினால் இந்தக் கரைச்சல் எப்போதும் இருக்கும், நிறம் போதாமல் போகும். நிறம் மாறினதை எங்கே ஒளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வாங்கவேண்டும். பெட்டிகளைக் கலந்து வாங்கினால் கொழுவும் நாக்கும் ஒன்றுதானா என்று அங்கேயே இரண்டு துண்டைப் பூட்டிப் பாருங்கள். ஒரே அகலமாக இருந்தும் பூட்டாத பலகையும் அங்கே கண்டேன்.

நிலத்தில் ஒரு இடம் பள்ளம். அதற்கு மட்டம் நிரப்பும் கலவை ஒரு பை, 30 டொலர். பள்ளத்தின்மேல் பலகையை விரித்தால் நடக்கும்போது கிறீச் கிறீச் என்று சத்தம் வரும், கொழுவின இடம் கெதியாய் உடையும். சுவரோரம் கால் அங்குலம் இடைவெளி விடவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம், பலகை விரிந்து சுருங்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் விரித்து முடித்தோம். முழங்கால் இன்னும் சரியில்லை.

இனி சோபாக் கதை. ஒரு வீட்டில் 40 டொலருக்கு நல்ல சோபா. மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று தையல் விளிம்பெல்லாம் ரோர்ச் அடித்துப் பார்த்தேன், துணிச் சாமான் பழையதாக வாங்கினால் அது கட்டாயம். எல்லாம் பார்த்தேன். எங்கள் பேஸ்மென்ற் படி நடுவில் திரும்புவதை மட்டும் பார்க்கவில்லை. நானும் இவரும் பக்கத்துத் தெரு அண்ணையும் ஒரு மணித்தியாலம் அதை நிமிர்த்திச் சரித்துப் புரட்டிப் பார்த்தோம். சுவரில் பெயின்ற் உரிந்ததுதான் மிச்சம். சோபா இப்போது கராஜில் இருக்கிறது. ஒரு பூனை அதில் படுக்கிறது, எங்களுடையதில்லை. ரொறன்ரோப் பக்கத்துப் பழைய வீடுகளில் படி ஒடுக்கம், கூரை பதிவு. எங்கள் கூரை ஆறடி எட்டு அங்குலம், காற்றுக்குழாய் போகும் இடத்தில் இன்னும் பதிவு. பெரிய சாமான் எதையும் முழுதாய் வாங்காமல், துண்டாய் இறக்கிக் கீழேயே பூட்டக்கூடியதாய் வாங்குங்கள்.

அதனால் சோபாவைக் கீழேயே செய்தோம். ஒற்றைக் கட்டில் மெத்தை ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது, 39க்கு 75 அங்குலம். அதன் அளவுக்கு, 2×4 அங்குலம் என்று விற்கும் மரச்சட்டத்தில் நீள இருக்கையாக ஒரு வாங்கு, பின்னால் சாய்மானம். அறுக்கும்போது சட்டத்தின் பருமன் நாலு அங்குலம் என்று கணக்குப் போட்டு அறுத்துவிட்டேன். பூட்டிப் பார்த்தால் மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் ஓட்டை தெரிகிறது. கடைக்காரன் சின்னப் பலகை தந்துவிட்டான் என்று கோபத்தோடு அளந்தேன். மூன்றரை. தடிப்பு ஒன்றரை. இங்கே 2×4 என்பது பேருக்குத்தான், சீவிக் காயவைத்த பிறகு எல்லாக் கடையிலும் அந்த அளவுதான்.

பக்கத்துத் தெரு அண்ணை திருகோணமலையில் தச்சு வேலை செய்தவர். சிரிக்காமல் சொன்னார்: "தங்கச்சி, பலகையின்ர பேரை நம்பாதேங்கோ. பேர் காட்டில இருந்தபோது வைச்சது."

இரண்டு சட்டம் வீண். மரமும் ஸ்குரூவும் சேர்த்து 78 டொலர். உறைக்கு மேல்மாடியில் கழற்றிய தடித்த திரைச்சீலை, செலவில்லை. வாங்கின் கீழ்தான் அந்த வேறு நிறப் பலகை இருக்கிறது. இவ்வளவும் எழுதாவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திராது.

மகள் முதலில் பலட்டில், அதுதான் கடைகளுக்குச் சாமான் அடுக்கி வரும் மரத்தட்டில், மேசை செய்வோம் என்று வீடியோ காட்டினாள். பலட்டில் HT என்று முத்திரை இருந்தால் சூடுகாட்டிப் பூச்சி கொன்றது, எடுக்கலாம். MB என்றிருந்தால் மீதைல் புரோமைட் புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். HT ஒன்று இலவசமாகக் கிடைத்தது. அதன் ஆணி கழற்ற மூன்று மணித்தியாலம், முழுதாய்த் தேறிய பலகை நாலு. இலவசம் என்ற சொல்லை அன்றோடு நான் நம்புவதில்லை. அதே நேரத்தில் றீஸ்ரோரில் குசினி மேல் அலுமாரி நாலு, ஒன்று 15 டொலர், எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். வந்தோம். மேல் அலுமாரி 12 அங்குல ஆழம்தான், கீழ் அலுமாரி மாதிரி அறையை அடைக்காது. மிஞ்சிய 2×4இல் கால் போட்டு, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வரிசையாக வைத்தோம். அதுதான் இப்போது ரிவி வைக்கும் இடம், உள்ளே புத்தகமும் விளையாட்டுச் சாமானும். பேஸ்மென்றில் எந்த அலுமாரிக்கும் கால் இருக்கவேண்டும், முதுகுக்குப் பின்னால் காற்றோட இடம் வேண்டும். மரத்தூள் பலகை நேரே நிலத்தில் இருந்தால் அடி பிஸ்கட் மாதிரி ஊறும். வாங்கும்போது கதவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு மணந்து பாருங்கள். நான் ஐந்தாவதை எண்ணெய் மணத்துக்காகத்தான் விட்டுவிட்டு வந்தேன்.

சுவருக்குப் பெயின்ற், கலவை பிழைத்ததென்று பெயின்ற் கவுன்ரரில் ஒதுக்கி வைப்பார்களே, அது. இரண்டு கலன் 30 டொலர். ஒன்று பழுப்பு வெள்ளை, மற்றது கொஞ்சம் பச்சை. இரண்டையும் பெரிய வாளியில் கலந்தேன். வந்த நிறத்துக்கு எனக்குப் பேர் தெரியாது, இளநீர்க் கோம்பை உள்பக்கம் மாதிரி இருக்கிறது.

வெளிச்சத்துக்குப் புதிதாக வயர் இழுக்கவில்லை. ஒன்ராறியோவில் அதற்கு மின்பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்து, பரிசோதிக்க விடவேண்டும். காசு மிச்சம் பிடிக்கிற இடம் அதில்லை. செருகுகிற விளக்கு மூன்று, 32 டொலர், எல்லாம் நாங்கள் கதிரையில் இருந்தால் கண்மட்டத்துக்கு வரும் உயரம். பதிந்த கூரையில் மேலிருந்து வெள்ளை லைற் அடித்தால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கும். குமிழ் வாங்கும்போது 2700 கெல்வின் என்று போட்டதைப் பாருங்கள், மஞ்சள் வெளிச்சம். முதல் நாள் இரவு மூன்றையும் கொழுத்திவிட்டு இருந்தபோது, 90களில் ஊரில் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியும் கொஞ்ச எண்ணெயும் விட்டுப் படித்த விளக்கு ஞாபகம் வந்தது. மகளுக்குச் சொன்னேன். அவள் போத்தல் உடையாதா என்று கேட்டாள். சிலது உடையும்.

இன்னொரு விசயம். மொன்றியலிலிருந்து கொழுந்தன் வந்தபோது அந்த வாங்கில் படுக்கிறேன் என்றார். விடவில்லை. படுக்கையறை யன்னல் திறந்தால் குறைந்தது 0.35 சதுர மீற்றர் வழி வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது இங்கே கட்டட விதி. நெருப்பென்றால் ஆள் வெளியே வருவதற்கு. எங்கள் யன்னல் 14 அங்குல உயரம், 356 மில்லிமீற்றர்தான். அவருடைய வயிற்றைப் பார்த்தால் விதியை வாசிக்கத் தேவையில்லை. மேலே வரவேற்பறையில் படுத்தார். கீழே புகை அலாரமும் கார்பன் மொனொக்சைட் அலாரமும் முன்பே இருந்தன, மின்கலம் மட்டும் மாற்றினோம்.

நட்சத்திரம் கேட்டால் றீஸ்ரோருக்கு ஐந்துக்கு நாலரை. கதவு, குசினி அலுமாரி, தரைப்பலகை, விளக்கு இந்த நாலுக்கும் முதலில் அங்கே போங்கள், பிறகு மற்றக் கடைக்குப் போங்கள். நாளைக்கே ஒரு சாமான் வேண்டும் என்றால் அது உங்களுக்கான இடமில்லை, அரை நட்சத்திரம் அதற்குத்தான். என் வேலைக்கு மூன்றரை. சாய்மானம் சரிவு போதாது, ரிவி பார்க்கத் தலையணை இரண்டு வைக்கவேண்டியிருக்கிறது. காற்றுக்குழாய்க்குக் கீழே இவர் நாலு தரம் தலையை இடித்துவிட்டார்.

மீற்றர் இன்று காலை 51 காட்டியது. ஆவணிப் புழுக்கம் இனித்தான் வரவேண்டும்.